ஆணி அடிக்காத அறை

அவளுக்கு ஊர் வைத்த பெயர் அறை அக்கா. ஊர் என்றால் கைப்பேசிக்குள் இருக்கிற ஊர். குழந்தைகளின் படுக்கையறையை வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்தே அழகாக்குவது எப்படி என்று வாரம் ஒரு வீடியோ போடுவாள். பார்க்கிறவர்களில் யாரோ ஒருத்தி, "அறை அக்கா, அடுத்து என்ன?" என்று எழுதப்போக, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. "பேரைக் கேட்டா கன்னத்துல ஒண்ணு போடுற அக்கா மாதிரி இருக்கு" என்று கணவன் சிரிப்பான்.

முன்பு ஒரு மழலையர் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். பையன் பிறந்ததும் வேலையை விட்டாள். கை மட்டும் சும்மா இருக்கவில்லை. முட்டை வருகிற அட்டையைச் சாயத்தில் தோய்த்துச் சுவரில் ஒற்றினால் பூ. பாத்திரம் தேய்க்கிற பஞ்சைக் கிள்ளி வெள்ளையில் தொட்டு ஒற்றினால் மேகம். காலி அட்டைப்பெட்டிகளை வரிசையாகக் கோத்துச் சக்கரம் வரைந்தால் பொம்மைகள் ஏறிப்போக ஒரு ரயில். கிழிந்த படுக்கை விரிப்பு அவள் கையில் கூடாரமாகிவிடும்.

ஆனால் ஜனங்களுக்கு அவளைப் பிடித்துப்போனது கைவேலைக்காக மட்டும் இல்லை. தன் சொதப்பலை அவள் மறைக்க மாட்டாள். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு வழிந்து சுவரைக் கெடுத்தால் அதையும் காட்டுவாள். "ஐயையோ, வழிஞ்சிடுச்சு. பரவால்ல, இதையே ஒரு காளானா மாத்திடலாம்" என்பாள். நம்ம வீட்டுப் பெண் மாதிரி பேசுகிறாளே என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அவள் ஒருநாள் விற்றுத் தின்றாள்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கென்றே 'ஆணி அடிக்காத அறை' என்று ஒரு தொடர் ஆரம்பித்திருந்தாள். வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சுவரில் ஆணி இறங்கினால் சொந்த மண்டையில் இறங்கின மாதிரி வலிக்கும். ஆகவே சுவரில் ஓட்டையே போடாமல் எல்லாம் செய்து காட்டுவது என்று திட்டம். அதில் அவள் பெரிதாக நினைத்தது நிலா அலமாரி. பிளைவுட்டைப் பிறை வடிவத்தில் வெட்டி, வெளிர் மஞ்சள் அடித்து, வளைவுக்குள் குட்டிக் குட்டித் தட்டுகள் வைத்து, கட்டிலுக்கு மேலே சுவரில், இருபுறமும் பசை உள்ள டேப்பால் ஒட்டிவிட வேண்டும். படுத்தபடியே குழந்தை கையை நீட்டிக் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தன் பையனின் அறையில்தான் ஒட்டினாள். பாதி வரைக்கும் படம் பிடித்தாள். மறுநாள் காலையில் அவள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பையனின் தலையணை மேல் நிலா குப்புறக் கிடந்தது. அதன் முதுகில், உரித்த தோல் மாதிரி சுவரின் பெயிண்ட் ஒரு விரிப்பாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பையன் குளியலறையில் வாயெல்லாம் நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். "என்னம்மா விழுந்துச்சு?" என்றான். அவள் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் அவன் தலையின் சூடு இருந்தது.

கணவன் வந்து சுவரைத் தடவினான். "டேப்பு சுவத்துலயா ஒட்டிச்சு? பெயிண்ட்லதான் ஒட்டிருக்கு. பெயிண்ட் கழண்டா கூடவே எல்லாம் கழண்டு வரும். ஸ்க்ரூ போட்டுடறேன்."

டிரில்லைக் கொண்டுவந்து துளை போட்டு முடுக்கினான். ஸ்க்ரூ தலை தெரிந்த இடங்களில் அவள் மஞ்சள் தடவி, மேலே காகித நட்சத்திரம் ஒட்டினாள்.

"இத வீடியோல சொல்லிடுவல்ல?"

"சொல்லாம என்ன? சொல்றேன்."

சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ஆணி அடிக்காத அறை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று; அன்று சாயங்காலம் வீடியோ வரும் என்று அறிவித்தும் ஆயிற்று. கேமரா முன்னால் நின்று, தட்டு நிறையப் புத்தகம் அடுக்கி, அலமாரியின் விளிம்பைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். "பாத்தீங்களா? ஆணி இல்ல, ஓட்டை இல்ல. அஞ்சு புக் வச்சாலும் மலை மாதிரி நிக்குது" என்றாள். பொய் என்றால் நாக்கு தடுமாறும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் தடுமாறவில்லை. எங்கள் வீட்டுப் பெயிண்ட் பழசு, மற்றவர்கள் வீட்டில் நன்றாகத்தான் ஒட்டும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவள் போட்ட வீடியோக்களிலேயே அதுதான் பிய்த்துக்கொண்டு ஓடியது. எங்கெங்கிருந்தோ படம் வந்தது. நீல நிலா, ரோஜா நிற நிலா, காது வைத்த நிலா, தூங்குகிற மாதிரி கண் வரைந்த நிலா. எல்லா நிலாவுக்கும் கீழே ஒரு கட்டில். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் பொங்கும். கண் அந்தக் கட்டிலில் விழுந்ததும் படத்தைத் தள்ளிவிடுவாள். தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

மழைக்காலம் வந்து சுவர்களெல்லாம் ஈரம் குடிக்கத் தொடங்கிய ஒரு மத்தியானம் அந்தச் செய்தி வந்தது. இதே நகரத்தில் இருக்கிற ஒரு தையல்காரி எழுதியிருந்தாள்.

"அக்கா, உங்க நிலா அலமாரி மாதிரியே செஞ்சேன். போன வாரம் விழுந்துடுச்சு. பாப்பா கை உடைஞ்சு கட்டு போட்டிருக்கு. எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு சொல்லுங்க அக்கா. மறுபடி சரியா ஒட்டணும். அவ அதையேதான் கேக்குறா."

கூடவே ஒரு படம். மாவுக்கட்டு போட்ட கையோடு ஒரு சிறுமி கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பற்களில் ஒன்று இல்லை. அவள் தலைக்கு மேலே சுவரில் பிறை வடிவத்திலேயே பெயிண்ட் பிய்ந்து பூச்சு தெரிந்தது.

அறை அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எதையோ எழுதி அழித்தாள். மறுபடி எழுதி அழித்தாள். கடைசியில் அவள் விரல் எழுதி அனுப்பியது இதுதான்: "அடடா, பாப்பாவுக்கு இப்போ எப்படி இருக்கு? ஒட்டறதுக்கு முன்னாடி சுவரை ஈரத்துணியால தொடச்சுக் காய விட்டீங்களா?"

பார்த்தால் கேள்விதான். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்ன வேலை செய்யும் என்று அனுப்பினவளுக்குத் தெரியும். செய்தது. பதில் உடனே வந்தது.

"தொடச்சேன்னுதான் நெனச்சேன் அக்கா. சரியா தொடச்சிருக்க மாட்டேன். எல்லாம் என் அவசரம். நீங்க அவ்ளோ தெளிவா சொல்லியிருந்தீங்க. பாப்பா உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னா."

அதைப் படித்த பிறகு அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. பையன் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து நீட்டினால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாள். கணவன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கைப்பேசியை அவனிடம் நீட்டிவிட்டாள்.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். "அன்னிக்கு சொல்லிடறேன்னியே?"

"சொல்லல."

"தெரியும். வீடியோ வந்தன்னிக்கே பாத்தேன். பாத்துட்டு நானும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன்." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். "மொதல்ல அந்த வீடியோவ எடுத்துடு."

எடுத்தாள். ஒரு தட்டலில் அது மறைந்துபோயிற்று. ஆனால் சுவர்களில் இருக்கிற நிலாக்கள் ஒரு தட்டலில் இறங்கி வந்துவிடுமா? பாப்பாவைப் பார்க்க வருகிறேன், முகவரி கொடுங்கள் என்று தையல்காரிக்கு எழுதினாள்.

வெளிப்பக்கம் இரும்புப் படி வைத்த ஒரு மாடிப் போர்ஷன் அது. கூடத்தில் பாதியைத் தையல் மிஷின் பிடித்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் துணித் துண்டும் நூலும். தையல்காரி கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தாள். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்க மறந்து, எடுத்து, சிரித்தாள். "நெஜமாவே வந்துட்டீங்களே அக்கா! உக்காருங்க. அய்யோ, அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பாப்பா, யாரு வந்திருக்காங்க பாரு!"

வாங்கி வந்த வண்ணப் பென்சில் பெட்டியை அறை அக்கா நீட்டினாள். சிறுமி அதை வாங்கினதும் வாங்காததுமாக, நல்லாயிருந்த கையால் அவள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை. ஆனால் உள்ளே நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள். அவள் இதுவரை செய்து காட்டிய எல்லாம் அங்கே இருந்தது. முட்டை அட்டைப் பூ, பஞ்சு மேகம், பெட்டி ரயில். அவளே இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. பூக்களின் நடுவில் சட்டைப் பொத்தான்கள் தைத்த மாதிரி ஒட்டியிருந்தன. ரயிலுக்கு ஓரம் கட்டின திரை. மூலையில் பெயிண்ட் வழிந்த இடத்தில் ஒரு காளான்கூட இருந்தது. தன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையையும் ஒருத்தி அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சிறுமி கட்டிலில் ஏறி உட்கார்ந்து, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, ஒண்ணு சொல்லட்டுமா? அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லு கண்ணா."

"நீங்க அஞ்சு புக்னுதானே சொன்னீங்க? நான் ஆறாவதா ஒண்ணு வச்சுட்டேன். குண்டு புக். அதான் நிலா விழுந்துடுச்சு."

 அதற்குள் தையல்காரி டீயோடு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். "தூங்கும்போது கைய தலைக்கு மேல வச்சுக்கிற பழக்கம் இவளுக்கு. எத்தனையோ தடவ திட்டியிருக்கேன். அந்தக் கைதான் தாங்கிச்சு அக்கா. இல்லேன்னா நேரா..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். "இவங்கப்பா அன்னிலேருந்து என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. 'புள்ள தலைக்கு மேல கட்டைய தொங்க விட்டுட்டு என்ன அலங்காரம் வேண்டிக்கெடக்கு'ன்னாரு. கேக்கத்தானே செய்வாரு? அந்தச் சுவர நான் ஒழுங்காத் தொடச்சிருந்தா..."

"நீங்க நல்லாத்தான் தொடச்சிருப்பீங்க" என்றாள் அறை அக்கா.

தையல்காரி புரியாமல் பார்த்தாள்.

"என் வீட்லயும் விழுந்துச்சு. ஒட்டின மறுநாளே. என் பையன் தலையணை மேலேயே விழுந்துச்சு. அப்புறம் ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டுத்தான் வீடியோ எடுத்தேன். ஸ்க்ரூ தெரியாம நட்சத்திரம் ஒட்டினேன். மலை மாதிரி நிக்குதுன்னு சொன்னது பொய். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பாப்பா, ஆறாவது புக் வச்சதாலயும் இல்ல கண்ணா. ஒரு புக்குமே வைக்கலேன்னாலும் அது விழுந்திருக்கும்."

"எந்த ஆறாவது புக்?" என்று தையல்காரி மகளைப் பார்த்தாள். சிறுமியின் உதடு பிதுங்கியது. அப்புறம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். தாய் டீத் தம்ளரை ரயில் பெட்டி மேல் வைத்துவிட்டு ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் இவ்வளவு பெரிய பாரத்தை இவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா சிரித்துக்கொண்டிருந்தாள் இந்தக் குழந்தை! அறை அக்கா சுவரோரமாக நின்றாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் அவள் சொல்லிக்கொடுத்த பூதான் இருந்தது.

அழுகை விசும்பலான பிறகு தையல்காரி தலை நிமிர்ந்தாள். கோபமாகக்கூட இல்லை; தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டாள். "அப்போ சுவரைத் தொடச்சீங்களான்னு என்னை ஏன் கேட்டீங்க?"

அறை அக்கா ஒளிக்காமல் சொன்னாள். "தப்ப உங்க பக்கம் தள்ளிவிடத்தான்."

தையல்காரி தலையை ஆட்டினாள். தொடாமல் ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது, அக்கா என்று கூப்பிடவில்லை. "அவர் வர்ற நேரம்தான். இருந்து, இத அவர்கிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா, என்னைக் காப்பாத்திக்கச் சொல்றேன்னு நெனச்சுப்பாரு."

அறை அக்கா கூடத்தில் போய் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொன்ன அந்தக் கால் ஆடுகிற நாற்காலியில்தான் தானாகப் போய் உட்கார்ந்தாள். தையல்காரி மிஷினில் உட்கார்ந்து விட்ட வேலையைத் தொடர்ந்தாள். கடகடவென்று ஓடும், நிற்கும், நூல் அறுபடும், மறுபடி ஓடும்.  உள்ளேயிருந்து சிறுமி, "அம்மா, அப்போ நிலா என்மேல கோச்சுக்கலயா?" என்று கேட்டாள். "இல்லடா" என்றாள் தாய், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். எழுந்து ஓடிவிடலாமா என்று அறை அக்காவுக்கு வராமல் இல்லை. வாசல் திறந்துதான் கிடந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரொட்டி அடுமனையில் வேலை பார்க்கிற மனுஷன், புருவத்தில்கூட மாவு. புதிதாக ஒருத்தி எழுந்து நிற்பதைப் பார்த்து மனைவியைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

அறை அக்கா சொன்னாள். முதலில் சொன்னதை விட இந்த முறை கஷ்டமாக இருந்தது. அழக் கூடாது என்று வேறு இருந்தது. அழுதால் அவன் ஆறுதல் சொல்ல வேண்டிவந்துவிடும். அவன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான்.

"உங்க வீட்ல யாருக்கும் அடி படலயே?"

"இல்ல. பையன் பல் தேச்சிட்டிருந்தான்."

"நல்லது" என்றான். நிஜமாகவே நல்லது என்றுதான் சொன்னான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நான் அன்னிக்குப் பேசினது..."

"மொதல்ல கைய கழுவிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் அவள். மிஷின் ஓடியது. இவ்வளவு நாள் இவன் முகம் கொடுக்கவில்லை. இனி எவ்வளவு நாள் அவள் கொடுக்க மாட்டாளோ. அதுவும் தன் கணக்கில்தான் சேரும் என்று அறை அக்கா நினைத்துக்கொண்டாள்.

படியிறங்கப் போனவளை அவன் நிறுத்தினான். "இது மாதிரி எத்தன வீட்ல மாட்டியிருப்பாங்க?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மறுநாளே அவள் பையனின் அறையில் நின்று பேசினாள். பாட்டு இல்லை, அலங்காரம் இல்லை. கணவன் படம் பிடிக்க, காகித நட்சத்திரத்தை நகத்தால் உரித்து ஸ்க்ரூவைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். தையல்காரியைக் கேட்ட அந்தக் கேள்வியையும் சொன்னாள். "உங்க வீட்ல இது இருந்தா இப்பவே போய்க் கழட்டிடுங்க. இந்த வீடியோவ அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடித்தாள்.

வசவு வந்து குவிந்தது. 'அறை அக்காவுக்கு ஒரு அறை' என்று ஒருத்தர் எழுத, அதற்கு ஆயிரம் பேர் கைதட்டினார்கள். அதெல்லாம் வரும் என்று எதிர்பார்த்தாள். எதிர்பாராதது வேறு. எங்கள் வீட்டிலும் விழுந்தது, எங்கள் வீட்டிலும் விழுந்தது என்று பலர் எழுதினார்கள். நாங்கள்தான் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டோம் என்றார்கள். ஒருத்தி மாமியாரிடம் பேச்சு வாங்கியிருந்தாள். ஒரு அப்பா, தனக்கு ஆண்பிள்ளை செய்கிற வேலையே வராது என்று வீட்டில் கேலியாகிப்போனதை எழுதியிருந்தார். யாரும் அவளைச் சந்தேகப்படவே இல்லை. அதைப் படித்துக்கொண்டே இருந்தவள், ஒரு கட்டத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையன் வந்து கூப்பிடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவளும் கணவனுமாக, படம் அனுப்பியவர்களைத் தேடித் தேடித் தனித்தனியாக எழுத ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் கழற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. சிலர் மசியவில்லை. "எங்க வீட்ல ஜம்முன்னு நிக்குது, நீங்க ஏன் பயமுறுத்தறீங்க?" என்றாள் ஒருத்தி. அவளிடம் அறை அக்கா கெஞ்சாத குறையில்லை. "கட்டிலையாவது எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போடுங்க, கால்ல விழறேன்" என்று எழுதினாள். கட்டிலைத் தள்ளிப்போட்ட படம் வந்த பிறகுதான் விட்டாள்.

தையல்காரியிடமிருந்து வெகுநாள் கழித்து ஒரு வரி வந்தது. "கட்டு பிரிச்சாச்சு. கை நேரா இருக்கு." அறை அக்கா, அந்தச் சுவரை வந்து பூசி வண்ணம் அடித்துத் தரட்டுமா என்று கேட்டாள். "அவரே அடிச்சிட்டார். வேண்டாம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் எழுத அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

புதிதாக வீடியோ எதுவும் அவள் போடவில்லை. போடாதே என்று யாரும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தால் கை வரவில்லை.

ஒரே ஒரு படம்தான் இன்னும் பதில் வராமல் பாக்கி. இளம் பச்சையில் ஒரு நிலா. அதன் கீழே தொட்டில் கட்டில். உள்ளே விரல் சூப்பித் தூங்குகிற கைக்குழந்தை. எந்த ஊரோ, எந்த நாடோ. 'எங்க செல்லத்தோட நிலா' என்று மட்டும் எழுதியிருந்தது. அவள் எழுதிய எதையும் அந்தப் பக்கத்தில் யாரும் திறந்து பார்க்கவே இல்லை. கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டார்களோ, வீடு மாறினார்களோ, கழற்றித்தான் விட்டார்களோ. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்க்கிறாள். படித்த அடையாளம் இல்லை. மறுபடி ஒரு தரம் எழுதி அனுப்புகிறாள். அந்தக் குழந்தை இந்நேரம் குப்புற விழுந்து, தவழ்ந்து, தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயசுக்கு வந்திருக்கும். மேலே இருப்பதை எட்டிப் பிடித்து இழுக்கிற வயசு.